‘பழையபடி’ என்னும் அளவுகோல்

எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் பலர் முதலில் கேட்கும் கேள்வி, “பழையபடி ஆகிவிடுவேனா, டாக்டர்?” என்பதுதான். உடன் வரும் உறவினர் அதையே, “அப்பா எப்போது பழையபடி நடப்பார்?” என்று கேட்பார்கள். கேள்வி இயல்பானது. அதன் பின்னால் உள்ள அன்பும் அச்சமும் எனக்குப் புரிகின்றன. ஆயினும், ‘பழையபடி’ என்ற அந்த ஒரு சொல்லே குணமடைவதற்குத் தடையாக நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இதை விளக்க, நான் பல ஆண்டுகளாகத் தீவிர ரசிகனாக இருந்துவரும் ஒரு வீரரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் ஜப்பானின் செண்டாய் நகரில் 1994-ஆம் ஆண்டு பிறந்த யுசுரு ஹன்யு. பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கியும் தாவியும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் அவருடைய கலை. சிறு வயதிலிருந்தே அவருக்கு ஆஸ்துமா உண்டு. எனினும் 2014-இல் சோச்சி ஒலிம்பிக் போட்டியில் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக் போட்டி 2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடைபெற இருந்தது. அதற்கு மூன்று மாதங்களே இருந்த நிலையில், 2017 நவம்பரில் ஒசாகாவில் பயிற்சியின்போது விழுந்து, வலது கணுக்காலின் தசைநாரில் காயமடைந்தார். அவர் ஒவ்வொரு தாவலிலும் தரையிறங்குவது அந்த வலது காலில்தான்.

கணுக்காலைச் சுற்றியுள்ள தசைநார்கள் எலும்புகளைப் பிணைக்கும் கயிறுகள் மட்டுமல்ல. கால் எந்த நிலையில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்கு உணர்த்தும் நரம்பு நுனிகளும் அவற்றில் உள்ளன. ஆகவே தசைநார் காயமுற்றால் உறுதியோடு சமநிலை உணர்வும் குறைகிறது. வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். ஆனால் நார் இழைகள் சீராக அடுக்கப்பட்டு வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். வலி குறைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிப் பயிற்சியை நிறுத்துவோருக்கு மீண்டும் கால் பிசகுவதன் காரணம் இதுவே.

ஹன்யு டிசம்பரில் நடந்த தம் நாட்டு வாகையர் போட்டியிலும் பங்கேற்கவில்லை. ஜனவரியில்தான் மீண்டும் தாவத் தொடங்கினார். பிப்ரவரியில் களம் இறங்கியபோது, தம் ஆட்டத்திலிருந்து இரு கடினமான தாவல்களை நீக்கியிருந்தார். ஒன்று, அவரைக் காயப்படுத்திய நான்கு சுற்று லட்ஸ். மற்றொன்று நான்கு சுற்று லூப். இந்த லூப் தாவலைப் போட்டியில் வெற்றிகரமாக நிகழ்த்திய முதல் மனிதர் அவரே. தம் பெயரோடு இணைந்த சாதனையையே ஒதுக்கி வைத்துவிட்டு, அன்றைய கால் தாங்கக்கூடிய தாவல்களைக் கொண்டு ஆடினார். இரு சுற்றுகளிலும் சேர்த்து 317.85 புள்ளிகள் பெற்று மீண்டும் தங்கம் வென்றார். ஆடவர் தனிநபர் பிரிவில் அடுத்தடுத்த இரு ஒலிம்பிக் தங்கங்களை ஒருவர் வென்றது, 1952-க்குப் பின் அதுவே முதன்முறை.

அவர் பழையபடி ஆகித் திரும்பவில்லை என்பதே இங்கு நான் வலியுறுத்த விரும்புவது. வலிநிவாரணி இல்லாமல் தாவியிருக்க முடியாது என்று பின்னர் அவரே கூறினார். அந்தப் பகுதியை நம் நோயாளிகள் பின்பற்ற வேண்டாம். வலியை மறைத்துக்கொண்டு உழைப்பது, மருத்துவக் குழு சூழ்ந்திருக்கும் ஒரு வீரர் தம் வாழ்வின் ஒரு நாளுக்காக எடுத்த முடிவு. ஒலிம்பிக்கிற்குப் பின் அடுத்த மாதமே நடந்த உலக வாகையர் போட்டியைக் காலின் பொருட்டு அவர் தவிர்த்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

அவருடைய மற்றொரு திரும்புதலும் உண்டு. 2014 நவம்பரில் ஷாங்காயில், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் வேறொரு வீரருடன் மோதித் தலையிலும் தாடையிலும் காயமடைந்தார். சற்று நேரத்தில் தலையில் கட்டுடன் ஆடினார். ஐந்து முறை விழுந்தும் இரண்டாமிடம் பெற்றார். அதை வீரம் என்று போற்றுவோர் பலர். அவர்மீது எவ்வளவு அன்பிருந்தாலும் என்னால் அதைப் போற்ற இயலாது. தலையில் அடிபட்டதன் விளைவுகள் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். அத்தகைய காயத்திற்குப் பின் அன்றைக்கே களம் இறங்கலாகாது என்பதே மருத்துவம் கூறும் நெறி. மன உறுதி பெரிதுதான். ஆனால் அது ஓய்வுக்கு மாற்றாகாது.

இனி, பராமரிக்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரசிகனும் ஒரு வகையில் உங்களைப் போன்றவன்தான். அவனால் வீரருக்குப் பதிலாகத் தாவ முடியாது. காத்திருக்க மட்டுமே முடியும். ‘எங்களுக்காக விரைந்து திரும்பி வா’ என்று வற்புறுத்தும் காத்திருப்பும் உண்டு. ‘உன்னால் இயன்றபோது வா’ என்று இடம் கொடுக்கும் காத்திருப்பும் உண்டு. முன்னது நோயாளியின் தோளில் இன்னொரு சுமையாகவே இறங்கும். பக்கவாதத்திற்குப் பின் கைத்தடியுடன் பத்து அடி நடந்தவரிடம், “முன்பெல்லாம் கடைத்தெரு வரை நடப்பீர்களே” என்று சொல்லாதீர்கள். சென்ற வாரம் எத்தனை அடி நடந்தார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பழைய உடலோடு ஒப்பிடாமல், சென்ற வாரத்து உடலோடு ஒப்பிடுங்கள். இடையில் பின்னடைவு வந்தால் அதைத் தோல்வியாகக் கருதாதீர்கள். ஹன்யு 2018 நவம்பரில் அதே கணுக்காலை மீண்டும் காயப்படுத்திக்கொண்டார். அடுத்த மார்ச்சில் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார்.

நோயாளிகளே, நீங்கள் சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “இன்றைய என் உடலைக் கொண்டு எதைச் செய்யலாம்? அடுத்த மாதம் எதைக் கூட்டலாம்?” என்பதாக இருக்கட்டும். அதற்கு எங்களால் தெளிவான விடை தர முடியும்.

பியோங்சாங்கில் ஆட்டம் முடிந்ததும் ஹன்யு குனிந்து, தம் வலது கணுக்காலைக் கைகளால் தொட்டார். முழுதும் ஆறாத அந்தக் காலுக்கு அவர் நன்றி சொல்லிய விதம் அது. குறைபாடு வந்த உறுப்பின்மீது சினம் கொள்வது எளிது. அது தாங்கும் அளவை அறிந்து அதனோடு உடன்பட்டு உழைப்பதே கடினம். உங்கள் கைக்கும் காலுக்கும் அந்த மதிப்பைக் கொடுங்கள்.