தடியால் அடித்தால் பழுக்குமா?

1951-ம் ஆண்டு. நியூயார்க் நகரத்தில் இரண்டு இளைஞர்கள். ஒருவருக்கு வயது 20, இன்னொருவருக்கு 19. இருவரும் அந்த ஆண்டுதான் அமெரிக்க பேஸ்பாலின் உச்சிப் படியான மேஜர் லீகில் கால் வைத்தார்கள். இருவருமே தடுமாறினார்கள். ஒருவரை அவருடைய கிளப் விடாப்பிடியாக ஆட வைத்தது. இன்னொருவரை அவருடைய கிளப் கீழே அனுப்பியது. இரண்டு முடிவுகளுமே சரி என்று பின்னால் நிரூபணமாயிற்று. ஓர் இளம் ஆட்டக்காரர் எப்போது தயார் என்று தீர்மானிப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஒரு வருடக் கதையில் அடங்கியிருக்கிறது.

முதலாமவர் வில்லி மேஸ். மினியாபொலிஸ் மைனர் லீக் அணிக்காக 35 ஆட்டங்களில் 0.477 என்ற நம்ப முடியாத சராசரியில் அடித்துக்கொண்டிருந்தவரை நியூயார்க் ஜயன்ட்ஸ் மே மாதம் மேலே அழைத்தது. முதல் 12 வாய்ப்புகளில் ஒரு ஹிட் கூட இல்லை. பிறகு ஒரு ஹோம் ரன். மறுபடியும் வறட்சி. அழுதுகொண்டிருந்த பையனிடம் மேனேஜர் லியோ டூரோசர், நான் இங்கே இருக்கும் வரை நடுக்களம் உன்னுடையதுதான் என்று உறுதி கொடுத்தார். மேஸ் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 2024-ல் மறைந்தபோது அவர் கணக்கில் 660 ஹோம் ரன்கள்.

இரண்டாமவர் மிக்கி மேன்ட்டில். நியூயார்க் யாங்கீஸ் அவரை ஜூலையில் கான்ஸாஸ் சிட்டி மைனர் லீக் அணிக்கு இறக்கிவிட்டது. மனம் உடைந்து அப்பாவை அழைத்தார். ஓக்லஹோமாவில் சுரங்கத் தொழிலாளியான அப்பா வந்தார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்த மகனிடம், பெட்டியைக் கட்டு, என்னோடு சுரங்கத்துக்கே வந்துவிடு என்றாராம். மேன்ட்டில் பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. பெட்டி கட்டப்படவில்லை. கான்ஸாஸ் சிட்டியில் 40 ஆட்டங்களில் 0.361 அடித்துவிட்டு ஆகஸ்டில் நியூயார்க் திரும்பினார். வாழ்நாளில் 536 ஹோம் ரன்கள்.

ஒருவருக்குத் தேவைப்பட்டது நம்பிக்கை, இன்னொருவருக்கு அவகாசம். இதை முன்கூட்டியே சொல்லும் சூத்திரம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் புதிது. ரஞ்சி ஆட்டக்காரர் மாநிலத்துக்கு ஆடுகிறார். தேர்வுக் குழு அவரைத் தேசிய அணிக்கு எடுக்கிறது. பேஸ்பாலில் கீழ்ப் படியிலிருந்து மேல் படி வரை ஆட்டக்காரர் ஒரே கிளப்பின் சொத்து. 2021-ல் திருத்தியமைக்கப்பட்ட முறைப்படி 30 மேஜர் லீக் கிளப்புகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு முழு சீசன் மைனர் லீக் அணிகள். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என்று படிகள். அதற்கும் கீழே அரிஸோனா, ஃப்ளோரிடா, டொமினிகன் குடியரசு ஆகிய இடங்களில் பாலர் பள்ளி மாதிரி லீக்குகள். உச்சியில் 26 பேருக்குத்தான் இடம். கீழே உள்ள பெரும்பாலோர் ஒரு நாள் கூட மேலே ஆடாமல் வீட்டுக்குப் போகிறவர்கள்.

படிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பணத்தால் அளந்தால் புரியும். மைனர் லீக் ஆட்டக்காரர்கள் 2023-ல் முதன்முதலாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் பெற்றார்கள். அதன்படி டபுள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 30,250 டாலர், ட்ரிபிள்-ஏவில் 35,800 டாலர். அதே ஆண்டு மேஜர் லீகில் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். ஒரு படி ஏறினால் இருபது மடங்கு. 'இன்னும் ஆறு மாதம் பொறு' என்று ஒரு கிளப் சொல்வது ஆட்டக்காரரின் காதில் எப்படி விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எண்களைப் பார்த்துத் தீர்மானித்துவிடலாமே என்று தோன்றும். பேஸ்பாலைப் போல எண்களைக் கொட்டும் விளையாட்டு வேறு இல்லை. ஆனால் மைனர் லீக் எண்கள் பொய் சொல்வதில் தேர்ந்தவை. ட்ரிபிள்-ஏ அணி ஒன்றின் ஊரான ஆல்புகர்க்கி, கடல் மட்டத்துக்கு மேல் 5,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். அங்கே அடிக்கும் ஹோம் ரன்னில் பாதிப் புகழ் மலைக்குச் சேர வேண்டியது. 2023-லிருந்து ட்ரிபிள்-ஏ மைதானங்களில் எறியப்பட்ட பந்து ஸ்டிரைக்கா இல்லையா என்று பார்க்கக் கருவி வந்துவிட்டது. மேஜர் லீகோ 2025 சீசன் வரை அம்பயரின் கண்ணையே நம்பியது. ஆக, கீழே பந்தை விட்டுப் பிடித்துப் பெயர் வாங்கிய ஆட்டக்காரர் மேலே வந்தால் வேறு அளவுகோலைச் சந்தித்தார்.

வயது இன்னொரு முக்கியமான விஷயம். 24 வயதுக்காரர்களுக்கு நடுவே 19 வயதுப் பையன் சுமாராக ஆடினாலே அது பெரிய சேதி. 26 வயதுக்காரர் அதே லீகில் வெளுத்துக் கட்டினால், அவர் அந்த வகுப்பில் மூன்றாம் வருடம் படிக்கும் மாணவராக இருக்கலாம்.

அதனால்தான் அனுபவப்பட்ட ஸ்கவுட்டுகள் சராசரியை விட்டுவிட்டு வேறு கேள்விகள் கேட்கிறார்கள். மட்டையாளர் எத்தனை ஹிட் அடித்தார் என்பதைவிட, எந்தப் பந்தை அடிக்காமல் விட்டார் என்பது முக்கியம். ஸ்டிரைக் அவுட் ஆகும் விகிதம் மாதத்துக்கு மாதம் குறைகிறதா? எதிரணி அவருடைய பலவீனத்தைக் கண்டுபிடித்த பிறகு இரண்டாவது சுற்றில் என்ன செய்கிறார்? பந்து எறிபவர் என்றால், மணிக்கு 150 கிலோ மீட்டர் வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கீழ்ப் படிகளில் பையன்களை மிரட்டிவிடலாம். மேலே வேகம் யாரையும் மிரட்டாது. வேகமாக வருவதுபோல் காட்டி மெதுவாக வரும் பந்தை, ஆட்டம் சிக்கலில் இருக்கும்போது நினைத்த இடத்தில் போட முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

இந்தப் பரீட்சை பெரும்பாலும் டபுள்-ஏவில் நடக்கிறது. அங்கேதான் வளைந்து இறங்கும் பந்தை வேண்டும்போது போடத் தெரிந்தவர்கள் வரிசையாக எதிர்ப்படுவார்கள். உலகமே அறிந்த உதாரணம் மைக்கேல் ஜோர்டன். கூடைப்பந்தின் சக்ரவர்த்தி 1994-ல் பேஸ்பால் ஆட வந்தபோது நேராக டபுள்-ஏ அணியான பர்மிங்ஹாம் பாரன்ஸில் இறக்கப்பட்டார். 127 ஆட்டங்களில் சராசரி 0.202, ஸ்டிரைக் அவுட் 114 முறை. உடலில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. கீழ்ப் படிகளில் கண் கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தை அவர் படித்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

எண்கள் உண்மை பேசினாலும் போதாத சமயம் உண்டு. ஜாக்சன் ஹாலிடே 2022-ல் நாட்டிலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஒவ்வொரு படியிலும் அடித்து ஏறி வந்தார். 2024 ஏப்ரலில், 20 வயதில், பால்டிமோர் ஓரியோல்ஸ் அவரை மேலே கொண்டுவந்தது. 34 வாய்ப்புகளில் இரண்டே ஹிட். இரண்டு வாரம் கூட முழுசாக ஆடவில்லை என்று சொல்லும்படி பத்தே ஆட்டங்களில் கீழே அனுப்பப்பட்டார். ஜூலைக் கடைசியில் திரும்பி வந்த அன்றே மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஹோம் ரன் அடித்தார். இடையில் நடந்ததைத் தண்டனை என்று சொல்வதா, பாடம் என்று சொல்வதா?

இதுவரை சொன்னது நேர்மையாக யோசிப்பவர்களின் சங்கடம். நேர்மையற்ற காரணங்களும் உண்டு. அவை இரண்டு திசையிலும் வேலை செய்கின்றன.

1973-ல் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் மைதானம் காலியாகக் கிடந்தது. அந்த ஆண்டு முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டேவிட் கிளைட், உள்ளூர் உயர்நிலைப் பள்ளிகளில் பேர் போன 18 வயதுப் பையன். முதலாளி பாப் ஷார்ட் அவரை மைனர் லீக் பக்கமே அனுப்பாமல் ஜூன் 27 அன்று நேராக மேஜர் லீக் மைதானத்தில் நிறுத்தினார். 35,000-க்கும் மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கினார்கள். பையன் ஜெயித்தும் காட்டினார். அதோடு அவரைக் கீழே அனுப்பி முறையாக வளர்த்திருக்கலாம். ஆனால் கல்லாப் பெட்டி நிறையும்போது யாருக்கு மனம் வரும்? காயங்களும் தோல்விகளுமாக 1979-ல் அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. 18 வெற்றி, 33 தோல்வி. அப்போது வயது 24. மற்ற பலர் ஆரம்பிக்கும் வயது.

மறு திசையில் கிரிஸ் பிரையன்ட். 2014-ல் மைனர் லீகில் 43 ஹோம் ரன். 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் எல்லோரையும்விட அதிகமாக 9. ஆனாலும் சிகாகோ கப்ஸ் அவரைத் தயாரில்லை என்றது. தடுப்பாட்டம் செம்மைப்பட வேண்டுமாம். ஏப்ரல் 17-ல் திடீரென்று செம்மைப்பட்டுவிட்டது! ரகசியம் காலண்டரில் இருந்தது. ஒரு சீசனில் 172 நாள் மேஜர் லீகில் இருந்தால் ஒரு வருட சர்வீஸ். அப்படி ஆறு வருடம் ஆனால் ஆட்டக்காரர் தன் விருப்பப்படி எந்தக் கிளப்புக்கும் போகலாம். பிரையன்ட்டுக்கு அந்த ஆண்டு கிடைத்தது 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் கிளப்புக்கு ஒரு வருடம் லாபம். அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாகவும், 2016-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார்; 108 வருடங்களுக்குப் பிறகு கப்ஸ் சாம்பியன் ஆனது. முறையிட்டுப் பார்த்தார். 2020-ல் தீர்ப்பு கிளப்புக்குச் சாதகமாகவே வந்தது.

எல்லோருக்கும் தெரிந்த இந்த வித்தையைச் சபையில் சொன்னவர் ஒருவர் உண்டு. சியாட்டில் மாரினர்ஸ் தலைவர் கெவின் மேதர். 2021-ல் ஒரு ரோட்டரி கிளப் நிகழ்ச்சியில் இளம் ஆட்டக்காரர்களைச் சர்வீஸ் கணக்குக்காகவே நிறுத்தி வைப்பதைப் போட்டு உடைத்தார். வீடியோ வெளியானது, பதவி போனது. அவர் பேச்சில் அடிபட்ட ஜாரெட் கெலனிக் மே மாதம் மேலே வந்தார். விசித்திரம் என்னவென்றால், அந்தப் பையன் உண்மையிலேயே தயாராக இல்லை. சீசன் முடிவில் சராசரி 0.181. கொரோனாவால் 2020-ல் மைனர் லீக் சீசனே நடக்காதது வேறு அவரைப் பாதித்திருக்க வேண்டும். கிளப் சொன்ன முடிவு சரி, காரணம் தவறு. காரணம் தவறாக இருக்கும்போது, சரியான முடிவைக் கூட யாரும் நம்புவதில்லை. ஆட்டக்காரர் கேட்கவேண்டிய அறிவுரை பேரமாகக் காதில் விழுகிறது. இதுதான் பெரிய நஷ்டம்.

2022 ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடித்தால், எப்போது மேலே வந்திருந்தாலும் முழு வருட சர்வீஸ். அந்த ஆண்டே பால்டிமோரின் அட்லி ரட்ஷ்மன் மே மாதக் கடைசியில் வந்து, இரண்டாம் இடம் பிடித்து, முழு வருடத்தைப் பெற்றார். ஆரம்பத்திலிருந்தே ஆட வைக்கும் கிளப்புக்கும் பரிசு உண்டு. நல்ல திருத்தம். ஆனால் நட்சத்திரங்களுக்கு மட்டும்தான் இது குடை. விருதுப் பட்டியலில் பெயர் வராத நூற்றுக்கணக்கானவர்கள் இன்னும் வெயிலில்தான் நிற்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்களும் இந்த ஏணியின் அடியில் நின்றிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் 2008-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேர்வாகி பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் சேர்ந்தார்கள். அவர்கள் கதை 2014-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஹாலிவுட் படமானது. ஒப்பந்தம் கிடைப்பதோடு படம் முடிந்துவிடுகிறது. வாழ்க்கை அங்கேதான் ஆரம்பித்தது. பட்டேல் 2010-ல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங் சிங்கிள்-ஏ வரை ஏறினார். காயங்கள் அதற்கு மேல் விடவில்லை. வேகமான கை ஏணியின் முதல் படிக்கு மட்டுமே டிக்கெட்.

ஆக, யார் தயார்? என் கட்சி இது. 'மேலே போனால் ஜெயிப்பாரா' என்பது தவறான கேள்வி. கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் தோற்கிறார்கள். 'தோற்றால் எழுந்து நிற்கத் தெரியுமா, அதற்கான வழியைக் கீழே ஒருமுறையாவது தானே கண்டுபிடித்திருக்கிறாரா' என்பதுதான் கேள்வி. ஒரு தடவையும் சறுக்காமல் மேலே வந்தவரைக் கண்டு கிளப் பயப்பட வேண்டும்.

கீழே அனுப்புவது முடிவல்ல என்பதற்கும் சாட்சி உண்டு. டொரான்டோவின் ராய் ஹாலடே 2000-ல் பந்து எறிந்த லட்சணம் சரித்திரத்தின் மிக மோசமானவற்றில் ஒன்று. ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.64 ரன் கொடுத்தார். கிளப் அடுத்த வருடம் அவரை ட்ரிபிள்-ஏவுக்கு அல்ல, சிங்கிள்-ஏ வரை இறக்கி, பயிற்சியாளர் மெல் குவீனிடம் ஒப்படைத்துக் கை வீச்சையே மாற்ற வைத்தது. 2003-லும் 2010-லும் லீகின் சிறந்த பந்து எறிபவர் விருது. விமான விபத்தில் இறந்த பிறகு 2019-ல் ஹால் ஆஃப் ஃபேம்.

ஹாலடே பிழைத்ததற்கும் கிளைட் பிழைக்காததற்கும் திறமை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஒருவரை இறக்கியவர்கள் அவர் திரும்பி வர வேண்டும் என்று விரும்பினார்கள். இன்னொருவரை ஏற்றியவர்கள் அன்றைய டிக்கெட் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். கணிப்பு தவறினால் கிளப்புக்கு ஒரு சீசன் நஷ்டம். பையனுக்கோ இருப்பதே ஒரு வாழ்க்கைதான்.