விட்டுவிட்டால் மட்டும் போதுமா?

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. தூண்டிலில் சிக்கிய மீனைச் சமைத்து உண்கிறார் ஒருவர். மற்றொருவர் அதே போன்ற மீனை முள்ளிலிருந்து மெல்லக் கழற்றி, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறார். இவ்விருவரில் இரக்கம் உள்ளவர் யார்? வகுப்பில் இதைக் கேட்டால் எல்லாக் கைகளும் இரண்டாமவர் பக்கமே உயரும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இன்றோ, "எப்படி விட்டார்? எங்கே விட்டார்?" என்று கேட்டறியாமல் நான் விடை சொல்ல மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்க ஏரிகளில் 'பாஸ்' என்னும் நன்னீர் மீன் வாழ்கிறது. பச்சை நிற உடல். விலாவில் நெடுக ஒரு கரும்பட்டை. உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய வாய். இரை அருகில் வந்ததும் இம்மீன் கண் இமைக்கும் நேரத்தில் வாயைத் திறக்கும். வாய்க்குள் அழுத்தம் சட்டெனக் குறையும். வெளியிலுள்ள நீர் இரையையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடும். நீங்கள் உறிஞ்சு குழலால் இளநீர் குடிக்கிறீர்களே, அதே தத்துவந்தான்!

ஜார்ஜியா மாநிலத்தில் 1932 ஜூன் 2 ஆம் நாள் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள ஒரு பாஸைப் பிடித்தார். ஏறத்தாழ 10.09 கிலோகிராம்! கடுமையான பொருளாதார மந்தக் காலம் அது. உலகச் சாதனையான அந்த மீனை எடைபோட்டுப் பதிவு செய்துவிட்டு, வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை.

பிற்காலத்தில் பாஸ் பிடிப்பது பெரிய விளையாட்டாக வளர்ந்தது. ரே ஸ்காட் என்னும் காப்பீட்டு முகவர் 1967 இல் ஆர்க்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் ஒரு போட்டியை நடத்தினார். அதே ஆண்டில் பாஸ் தூண்டில்காரர்களுக்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். இத்தனை பேர் இத்தனை மீன்களைக் கொண்டு போனால் ஏரியில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி எழுந்தது. மீன்களை உயிருடன் கொண்டுவந்து எடைபோட்டுத் திரும்ப விடும் முறையை அவர் 1972 இல் போட்டிகளில் புகுத்தினார். நல்ல முயற்சிதான். ஆனால் 'விட்டாயிற்று' என்பதோடு கதை முடிந்துவிடுகிறதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஆராய்ச்சிப் பணிக்காக அலபாமா மாநிலத்தில் ஓராண்டு தங்கியிருந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்து நண்பர் ஒருவர் தூண்டில் பித்தர். குன்டர்ஸ்வில் என்னும் பெரிய நீர்த்தேக்கத்தில், ஒரு சிறு சங்கம் ஜூலை மாதத்தில் நடத்திய போட்டிக்கு என்னையும் அழைத்துச் சென்றார்.

விடியுமுன்பே படகில் ஏறினோம். நண்பர் முதலில் தூண்டிலைத் தொடவில்லை; எதிரொலிக் கருவியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒலி நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் செல்லும். அனுப்பிய ஒலி அடித்தரையில் மோதி நூறில் ஒரு பங்கு விநாடியில் திரும்பினால் ஆழம் எவ்வளவு? போக வர மொத்தம் 15 மீட்டர். எனவே ஆழம் ஏழரை மீட்டர். "கோடையில் கரையோரம் தேடிப் பயனில்லை. பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கின்றன" என்றார் அவர்.

பிறகு ரப்பர் போன்ற மென்மையான பிளாஸ்டிக் புழுவை எடுத்தார். முள்ளின் கூர்நுனி வெளியே தெரியாதபடி புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்தார். இப்படிச் செய்தால் நீர்ப்பாசியில் முள் சிக்காது. முன்னால் ஒரு சிறு எடைக்குண்டு. அதை அடித்தரைக்கு இறக்கி, மெல்ல மெல்ல இழுத்தார். நரம்பை ஒரு விரலால் தொட்டபடியே இருந்தார். கல்லில் உரசினால் ஒரு விதம், பாசியில் பட்டால் வேறு விதம், மீன் கவ்வினால் 'டக்' என்று மற்றொரு விதம். நான் விரலை வைத்தபோது எல்லாம் ஒரே விதமாகத்தான் இருந்தது! ஐம்புலன்களையும் அளவு கருவிகளாகப் பழக்க முடியும் என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

நண்பகலுக்குள் ஐந்து மீன்கள் கிடைத்தன. போட்டியில் அதிக எடையுள்ள ஐந்து மீன்கள்தான் கணக்கு. படகிலேயே காற்று செலுத்தப்படும் தொட்டி ஒன்று உண்டு. மாலை மூன்று மணி வரை மீன்கள் அதில் கிடந்தன. பின்னர் கரையில் எடை போட்டார்கள். இறந்த மீன் ஒவ்வொன்றுக்கும் சில அவுன்ஸ் குறைப்பார்கள். நண்பரின் ஐந்தும் உயிருடன் இருந்தன. அவருக்கு மூன்றாம் இடம். மீன்களை நீரில் விட்டபோது கூடியிருந்தோர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று மாலை கரையோரமாக நடந்தபோது, படகுத்துறையின் மறுபக்கத்தில் மூன்று பாஸ் மீன்கள் வெண்மையான வயிறு மேலே தெரிய மிதந்தன. செவுள் மூடிகள் அசையவில்லை. அவை யார் பிடித்தவையோ, எங்களுக்குத் தெரியாது. நண்பர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எடைத் தட்டில் உயிரோடுதானே இருந்தன?" என்று மட்டும் கேட்டார்.

அவை ஏன் இறந்திருக்கக்கூடும்? உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள இரண்டு செய்திகள் போதும்.

முதலாவது, பாயில் விதி. ஏழரை மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ 1.75 வளிமண்டலம், நீர்ப்பரப்பில் 1. பாஸின் உடலில் காற்றுப்பை ஒன்று உண்டு. நன்னீர் மீன்களில் இதன் பருமன் உடலின் பருமனில் ஏறத்தாழ 7 சதவீதம். இரண்டு கிலோ மீனுக்கு 140 கன சென்டிமீட்டர் என்று கொள்வோம். மேலே இழுத்தவுடன் அது, உடற்சுவர் இடம் கொடுத்தால், 245 கன சென்டிமீட்டர் ஆகும். 105 கன சென்டிமீட்டர் கூடுதல் என்றால், ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, 105 கிராம் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசை! கெண்டைக் குடும்ப மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. அதன் வழியே காற்றை வெளியேற்றிவிடும். பாஸுக்கு அந்தக் குழாய் இல்லை. காற்று இரத்தத்தில் மெல்லக் கலந்துதான் குறைய வேண்டும். அதுவரை வயிற்றில் பலூனைக் கட்டியது போல அது மேலேயே தத்தளிக்கும், வெயிலில் வதங்கும்.

இரண்டாவது, நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன். 0 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர், காற்றிலிருந்து 14.6 மில்லிகிராம் வரை ஆக்ஸிஜனை ஏற்கும். 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். மீனோ குளிர்இரத்தப் பிராணி; நீர் சூடேறினால் அதன் ஆக்ஸிஜன் தேவை கூடும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது! தூண்டிலோடு போராடிக் களைத்த ஐந்து மீன்கள் ஒரே தொட்டியில் பல மணி நேரம் கிடந்தால் என்னவாகும்? எடைபோடும்போது உயிர் இருக்கலாம். மறுநாளும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: அறிவு துணை நிற்காத இரக்கம் பாதி இரக்கமே. கொல்லக் கூடாது என்று முடிவு செய்தவர், பிழைக்க வைக்கும் வழியையும் கற்றாக வேண்டும். தொட்டி நீரில் பனிக்கட்டி இட்டுச் சில டிகிரி மட்டும் குறைக்கலாம். ஒரேயடியாகக் குளிர்வித்தால் அதுவும் தீங்கு. மீனை ஈரக் கையால் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். உப்பிய காற்றுப்பையை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றும் வழியும் உண்டு. ஆனால் அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. இடம் தவறினால் வேறு உறுப்பைத் துளைத்துவிடும்.

இவற்றையெல்லாம்விட எளிய வழி, பிடித்த இடத்திலேயே எடைபோட்டு உடனே விடுவது. 2011 இல் தொடங்கிய மேஜர் லீக் ஃபிஷிங் என்ற அமைப்பு இம்முறையில் போட்டிகளை நடத்திக் காட்டியிருக்கிறது. படகிலேயே அதிகாரி ஒருவர் எடையைக் குறித்துக்கொள்வார். "மேடையில் மீனைத் தூக்கிக் காட்டாவிட்டால் கூட்டம் வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கைதட்டலுக்காக ஒரு மீனை ஆறு மணி நேரம் வெந்நீர்த் தொட்டியில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோடைப் போட்டிகளிலாவது உடனே விடும் முறை கட்டாயமாக வேண்டும். என் நண்பரும் அன்றிலிருந்து ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தொட்டிப் போட்டிகளுக்குப் போவதில்லை.

சரி, 'எங்கே விட்டார்' என்று ஏன் கேட்டேன்? ஜப்பானுக்கு வாருங்கள். அங்குள்ள பிவா ஏரியில் 2009 ஜூலை 2 ஆம் நாள் மனாபு குரிதா என்பவர் பெர்ரியின் சாதனையை எட்டினார். அவருடைய மீன் ஏறத்தாழ 10.12 கிலோகிராம். ஒரு அவுன்ஸ் அளவுக்குக் கூடுதலாக இருந்தும் 'சமம்' என்றே அறிவித்தார்கள். இந்த எடைப் பிரிவில் பழைய சாதனையை முறியடிக்கக் குறைந்தது இரண்டு அவுன்ஸ் கூட வேண்டும் என்பது விதி. ஆனால் பாஸ் ஜப்பானுக்கு உரிய மீன் அன்று. 1925 இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து அஷினோகோ ஏரியில் விட்டார்கள். பின்னர் நாடெங்கும் பரவிவிட்டது. பிவா ஏரியில் மட்டுமே வாழும் மீனினங்கள் உண்டு. அவற்றையும் அவற்றின் குஞ்சுகளையும் இந்தப் பெரிய வாய் உறிஞ்சி விழுங்குகிறது. எனவே அங்கே பிடித்த பாஸைத் திரும்ப விடுவதற்கு 2003 முதல் தடை! அலபாமாவில் நற்செயல், பிவாவில் குற்றம். மீன் ஒன்றுதான், செயலும் ஒன்றுதான்; நீர்தான் வேறு.

இது தொலைதூரக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன் பெரிதாகிவிட்டால், பாவம் பார்த்து ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுவோர் நம்மிடையேயும் உண்டு. தொட்டியின் அழுக்கைத் தின்னும் என்று வாங்கப்படும் தென் அமெரிக்கக் கெளுத்தி, இன்று நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழிப்பது இப்படிப்பட்ட இரக்கத்தால்தான்.

அடுத்த முறை ஓர் உயிரைக் கையிலிருந்து விடுவிக்கும்போது ஒரு கணம் நில்லுங்கள். இந்த நீர் அதற்கு ஏற்றதா? இந்த நீருக்கு அது ஏற்றதா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு கையைத் திறவுங்கள்.