பாண்டி ஆடும் கால் பந்தும் போடும்!



2025 நவம்பர் 2 அன்று நம் இந்தியப் பெண்கள் அணி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் ஜெயித்து உலகக் கோப்பை வாங்கியது. ஆனால் அதே தொடரில் நியூசிலாந்துக்கு எதிராக 122 ரன் அடித்த பிரதிகா ராவல், அடுத்த ஆட்டத்தில் ஃபீல்டிங் செய்யும்போது கால் பிசகி விழுந்தார். இறுதிப் போட்டியில் ஆட முடியாமல், சக்கர நாற்காலியில் வந்துதான் கொண்டாடினார். நல்ல பயிற்சி உள்ளவருக்கே இப்படின்னா, பயிற்சியே இல்லாத நமக்கு?

போன மாதம் என் தோழி வேகமா ஓடி வந்து பந்து போட்டபோது முழங்கால் பிசகிடுச்சு. பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு கிரிக்கெட்டு?" என்று வீட்டில் நிறுத்திட்டாங்க. தப்பு கிரிக்கெட்டிலா, பயிற்சி இல்லாததிலா? நீங்களே சொல்லுங்க.

பிளையோமெட்ரிக் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. பெயர்தான் பெரிசு. குதித்து ஊன்றி, உடனே மறுபடி எம்புவதுதான் அது. ஊன்றும்போது தசை ரப்பர் மாதிரி இழுபட்டு உடனே சுருங்கும். அதைப் பழகினால் ரன் ஓடவும், எம்பி கேட்ச் பிடிக்கவும் வேகம் வரும். நாம ஆடுற பாண்டியும் ஸ்கிப்பிங்கும் அந்த வகைதானே! எங்க அப்பத்தா காலத்திலிருந்து பெண்கள் குதிச்சுக்கிட்டுதான் இருக்காங்க.

ஆனால் வேகம் மட்டும் போதாது. ஊன்றும் கால் ஆடக் கூடாது. அதற்கு யோகா வேண்டும். விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நின்றால் நிதானம் வரும். வீரபத்ராசனம் தொடைக்குப் பலம் தரும். மூச்சுப் பயிற்சி, கடைசி ஓவரில் பதற்றத்தைக் குறைக்கும்.

வாரம் இரண்டு நாள் போதும், நடுவில் ஓய்வு வேண்டும். முதலில் மெதுவா ஓடி உடம்பைச் சூடாக்கணும். பிறகு மண் தரையில் சின்னச் சின்னக் குதி, கடைசியில் யோகா. சிமெண்டுத் தரையில் குதிக்கக் கூடாது. உயரத்திலிருந்தும் வேண்டாம். குதிக்கும் முன் ரொம்ப நேரம் ஆசனத்தில் நின்றால் வேகம் குறையும், அதனால்தான் யோகா கடைசியில்.

இதற்குக் காசு செலவில்லை. மைதானம்தான் வேண்டும். தினமும் சாயங்காலம் பையன்களே ஆடுறாங்க. செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு விடுங்கள் என்று தலைமையாசிரியர் ஐயாவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் தோழி வீட்டிலும் டீச்சர் ஒரு வார்த்தை பேசினால் அவளும் வருவாள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி