மாநகராட்சி ஆச்சு... வாய்க்கால் என்ன ஆச்சு?

கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. நடுவிலே ஊர். பித்தளைப் பாத்திரமும் டிகிரி காப்பியும் பிறகு வந்த பெருமை. ஆற்று வண்டல்தான் இந்த ஊரின் முதல் சொத்து. அந்த மண்ணில் கொடிக்கால் போட்டு விளைந்த வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

1866-ல் நகரசபை ஆன ஊர் இது. 2021-ல் தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. போர்டு மாறியது. சந்தோஷம்! ஆனால் ஊர்க் குளங்களின் கதி?

அந்தக் காலத்து மனிதர்கள் குளத்தை வெட்டிவிட்டு, "மழை பெய்தால் ரொம்பட்டும்" என்று போய்விடவில்லை. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் குளம் நிரம்பும். குளம் நிரம்பினால் தெருக் கிணறு ஊறும். என்ன கணக்கு பாருங்கள்! (ராமானுஜம் வளர்ந்த ஊராச்சே, கணக்குக்குக் கேட்பானேன்?)

இன்றைக்கு வாய்க்கால் மேலேயே வீடு, கடை. மிச்சம் இருப்பதில் சாக்கடையும் பிளாஸ்டிக் பையும். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, காவிரி ஊர் ஓரமாகவே ஓடினாலும் பல குளங்களுக்கு வந்து சேர வழியில்லை. ஆற்றங்கரையில் இருந்துகொண்டு குடத்தைத் தூக்கி அலைகிற ஜனங்களிடம் என்ன சமாதானம் சொல்வது?

கேட்டால் பதில் ரெடி. "வாய்க்கால் அவங்களுது, குளம் இவங்களுது, குப்பை மட்டும்தான் எங்களுது!" நீர்வளத்துறை, அறநிலையத்துறை, மாநகராட்சி - மூன்று மேஜைக்கு நடுவே ஃபைல் நடக்கிறது, தண்ணீர் நடக்கவில்லை.

அடுத்த மகாமகம் 2028-ல். நாயக்கர் காலத்தில் கோவிந்த தீட்சிதர் 16 மண்டபங்கள் எழுப்பிய அந்தக் குளத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். 1992 மகாமகத்தில் நெரிசலில் சுமார் 50 பேர் உயிர்விட்டதை ஊர் மறக்கவில்லை. ஆகவே தடுப்பு, போலீஸ், விளக்கு எல்லாம் வரும். அது சரி. வருகிறவர்கள் ஒரு நாளில் முழுகிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கேயே குடியிருக்கிறவனுக்கு?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலை அல்ல. பழைய ரெவின்யூ படத்தை எடுத்து வாய்க்காலை அளந்து கல் நட வேண்டும். ஆக்கிரமிப்பை எடுக்கும்போது ஏழைக்கு முதலில் மாற்று இடம் காட்ட வேண்டும். பெரிய கட்டடத்தை விட்டுவிட்டுப் பெட்டிக்கடையை மட்டும் இடிக்கிற வீரம் வேண்டாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பது வழக்கம். அதற்கு முன், ஆறு காய்ந்து கிடக்கிற கோடையில்தான் தூர்வார முடியும். தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டி எடுத்தால் பில் மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்த ஆடிப்பெருக்குக்குள் ஒரே ஒரு குளத்துக்காவது ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து சேரட்டும். எந்தக் குளம் என்று மாநகராட்சி இப்போதே சொல்லுமா?