மூச்சை நல்லா இழுங்கம்மா!

என் நாத்தனார் முதுகு வலிக்கிறது என்று சொன்னதுதான் தாமதம், தெருவே வைத்தியராகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா ஹிஜாமா எடுத்துக்கொள்ளச் சொன்னார்; கெட்ட ரத்தமெல்லாம் கப்பில் இறங்கிவிடுமாம். எதிர்வீட்டுக்காரருக்கு அக்குபங்சர்தான் உயிர். ஆற்காட்டு அத்தைக்குப் புத்தூர் கட்டை விட்டால் வேறு கதி கிடையாது, எலும்பு முறிந்தாலும் சரி, முறியாவிட்டாலும் சரி. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன், வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி ஓசை எழுப்பும் வீடியோ அனுப்பினான். காதில் மாட்டிக்கொண்டு படுத்தால் முதுகுத்தண்டு இளகுமாம். ஏலகிரியில் இரண்டு நாள் தங்கி மௌனம், ஓவியம், யோகா எல்லாம் சேர்த்துப் பழகும் முகாம் ஒன்றின் நோட்டீஸும் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. கட்டணத்தைப் பார்த்ததும் அவளுக்கு வலி கொஞ்சம் கூடியது.

இத்தனை பேரில் ஒருத்தராவது, "இன்னா வேலை செய்யறே? எப்படி உக்காந்து செய்யறே?" என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை.

அவள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள். இருட்டு விலகும் முன்னே கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். போய் உட்கார்ந்தால் முதுகு சாய இடமில்லாத ஸ்டூல், குனிந்த கழுத்து, மெஷின் மேல் கண். பக்கத்து வரிசையில் ஒட்டுகிற சொல்யூஷன் தடவுவார்கள். அந்த நெடி சுடிதாரில் ஏறி வீடு வரைக்கும் வரும். மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட். பாத்ரூம் போக எழுந்தால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் வந்து சோறு பொங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, துணி துவைத்து முடித்த பிறகு மிச்சமிருக்கும் முதுகுக்குத்தான் இத்தனை வைத்தியம்.

போன ஜூன் 21 அன்று அவளுடைய கம்பெனியிலும் யோகா தினம் கொண்டாடினார்கள். 2015-லிருந்து உலகமே கொண்டாடுகிறது, நம் கம்பெனி மட்டும் விடுமா? வெளியூரிலிருந்து மன அழுத்த நிபுணர் ஒருவர் வந்தார். வேலை நேரத்தில் நடத்தினால் லைன் நின்றுவிடும் அல்லவா? அதனால் சாப்பாட்டு நேரத்தில் நடத்தினார்கள். பாதிப் பேர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடினார்களாம். நான் கேட்டேன், "இன்னாம்மா சொல்லிக் குடுத்தாங்க?" அவள் சொன்னாள்: "மூச்சை நல்லா இழுங்கம்மா, நல்ல காத்து உள்ள போவட்டும்னாங்க அண்ணி. இழுத்தேன். சொல்யூஷன்தான் போச்சி."

இதைக் கேட்டு நான் யோகாவுக்கும் சாமிக்கும் எதிரி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நம்பிக்கையாலும் பாட்டாலும் உடற்பயிற்சியாலும் மனம் தேறும் என்பது நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டிய சேதி இல்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் மக்ரிப் தொழுகை முடியும் நேரம் மசூதி வாசலைப் போய்ப் பாருங்கள். பயந்த குழந்தை, பால் குடிக்காத குழந்தை, தூங்காத குழந்தை என்று தூக்கிக்கொண்டு எல்லா மதத்துத் தாய்மார்களும் நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். காசு கிடையாது, பதிவு கிடையாது. சோளிங்கரில் தக்கான்குளத்தில் முழுகிவிட்டு, மனம் கலங்கியவர்களைச் சின்ன மலை ஆஞ்சநேயரிடம் அழைத்துப்போகிற குடும்பங்களை இன்றைக்கும் பார்க்கலாம். பெரிய மலை நரசிம்மரைப் பார்க்க 1,305 படி ஏற வேண்டியிருந்தது. 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது. முழங்கால்களுக்கு அது நிஜமான வைத்தியம்.

இதையெல்லாம் படித்தவர்கள் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டதும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர் ரகுராமும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே தனியாக எந்தச் சடங்கும் கிடையாது. வீட்டார் ஒருவர் துணைக்கு இருந்தார். கோயிலைப் பெருக்கினார்கள், செடிக்குத் தண்ணீர் விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. அதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் நடந்ததையும் மறக்க முடியாது. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தனியார் கொட்டகையில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். தீப்பிடித்தபோது ஓட வழியில்லாமல் 28 பேர் கருகினார்கள். ஓரிடத்தில் நேரமும் துணையும் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் சங்கிலி.

எங்கள் நாத்தனாருக்கு நேரம், துணை இரண்டில் நேரம்தான் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் ராத்திரி முழுக்கக் கூத்து. கர்ணன் சாகிற அன்றைக்குப் பெண்கள் அழுகிற அழுகை, கர்ணனுக்கு மட்டுமா? புருஷனை நினைத்து, செத்த பிள்ளையை நினைத்து, சீட்டுப் பணம் போனதை நினைத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதுவிட்டு விடியற்காலையில் லேசாக வீட்டுக்கு வருவார்கள். ஃபீஸ் கட்டாத வைத்தியம் அது. இப்போது விடிவதற்குள் பஸ் வந்துவிடுமே! கூத்துக் கொட்டகையில் வயசானவர்களும் நாங்கள் சில பேரும்தான்.

கூத்துக்கு இந்தக் கதி என்றால், பறைக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. தோல் பதனிடுகிற இந்த வட்டாரத்தில் தோலை உரித்தவனும் ஊறவைத்தவனும் அதையே நெருப்பில் காய்ச்சி அடித்தவனும் பெரும்பாலும் ஒரே சேரிக்காரர்கள். அவன் அடித்தபோது சாவுமேளம் என்று தள்ளி நிற்கச் சொன்னார்கள். இன்றைக்கு நகரத்தில் சனி ஞாயிறு பறைப் பயிற்சி; மனசு லேசாகிறதாம், உடம்பு விழித்துக்கொள்கிறதாம். ஆகட்டும், நல்லதுதான், யார் வேண்டுமானாலும் அடிக்கட்டும். அந்தச் சேரியிலிருந்து தோல் ஷாப்புக்குப் போய்ப் பதனிடும் டிரம் பக்கத்தில் நிற்கிறவனின் கையில் குரோமியம் பட்டு வெடித்த புண்ணுக்கும் ஒரு பயிற்சி வைத்துவிட்டு அடிக்கட்டும்.

உடம்பையும் கைவேலையையும் மனத்தையும் ஒன்றாகப் பார்த்து ஆற்றுவது எப்படி என்று கற்றுக்கொள்ள நாம் மலையேற வேண்டியதில்லை. வேலூரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். வலி தெரியாமல் போவதால்தான் சுட்டுக்கொள்கிறார்கள், குத்திக்கொள்கிறார்கள், அந்தக் காயம்தான் விரலைத் தின்கிறது என்று அவர் கண்டார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களுக்கு யாரும் வேலை தரவில்லை, திரும்பி வந்தார்கள். அப்புறம்தான் நவஜீவ நிலையம் என்று ஒன்றை அமைத்து, தச்சு வேலையும் மரபொம்மை செய்வதும் பழக்கினார்கள். அறுவைச் சிகிச்சை செய்தவரே தச்சும் தெரிந்தவர். கூடவே காலணிக்கும் வந்தார்கள். உணர்வில்லாத பாதத்தில் புண் வராமலிருக்க மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பை வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் வடிவமைத்தார்கள். அந்த எம்.சி.ஆர். செருப்பு நாடெங்கும் போனது.

மேரி வர்கீஸ் இன்னொருவர். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. அவர் யாரையும் கண்ணை மூடி நல்லதை நினைக்கச் சொல்லி அனுப்பிவிடவில்லை. எந்தத் தசை மிச்சமிருக்கிறது, வீட்டு வாசற்படி எவ்வளவு உயரம், எந்தத் தொழில் செய்து பிழைப்பாய் என்று பார்க்கிற மருத்துவம் அது.

நோயாளியின் பாதத்துக்காகச் செருப்பையே மாற்றிய மண் இது. அதே மண்ணில் ஐரோப்பாக்காரன் பாதத்துக்கு அளவெடுத்து மெத்தை வைத்து ஷூ தைக்கிறாள் ஒருத்தி. அவள் உட்காரும் ஸ்டூலுக்கு முதுகு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும், வேலையிடத்தில் நல்ல காற்று வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நாம் என்னடாவென்றால் எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டாக்கச் சட்டம் கொண்டுவந்து, 2023-இல் எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றோம். அதுமட்டும் நிலைத்திருந்தால் இந்நேரம் இன்னும் இரண்டு யோகா தினம் சேர்த்துக் கொண்டாடியிருப்பார்கள்.

தண்ணீர் வைத்தியம், மண் வைத்தியம் என்றுகூட ஒரு நோட்டீஸ் வந்தது. பாலாற்றங்கரையில் இருக்கிறவர்களிடம் அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். 1996-இல் உச்ச நீதிமன்றம் பாலாற்றைக் கெடுக்கிற தோல் ஷாப்புக் கழிவைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. எந்தத் தண்ணீரில் முக்குவார்களாம்?

அடுத்த ஜூன் 21-க்கு ஆள் கூப்பிடப்போகிற கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நிபுணரைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். சாப்பாட்டு நேரத்தைத் தொடாதீர்கள். முதல் நாளே வரவழைத்து, காலை ஷிப்டிலிருந்து பஸ் கிளம்பும் வரைக்கும் லைனில் ஒரு ஸ்டூலில் உட்கார வையுங்கள். மணிக்கு எத்தனை ஜோடி என்றும் சொல்லிவிடுங்கள். மறுநாள் காலையில் எழுந்திருக்க முடிந்தால் ஆசனம் சொல்லிக்கொடுக்கட்டும். முடியாவிட்டால், எங்கள் தெருவில் ஹிஜாமா போடுகிறவர் விலாசம் நான் தருகிறேன்.