படமும் முகமும்

நம் வீட்டுப் பெரியவர்களின் தேசிய அடையாள அட்டையைச் சற்று எடுத்துப் பாருங்கள். 1972ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வழங்கப்பட்டு வந்த அப்பழைய அட்டைகள் பலவற்றில், மீசை அரும்பும் பருவத்துப் பையன் ஒருவன் கறுப்பு வெள்ளையில் விழித்துக்கொண்டிருப்பான். அட்டையை நீட்டுபவரோ பேரப்பிள்ளை கண்டவர். கல்முனையில் ஒரு வங்கி உத்தியோகத்தர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீங்கள்தானா?" என்று வினவியதை நாமே கண்டோம். பெரியவர் சிரித்தார். இலக்கம் ஒத்திருந்தபடியால் காரியம் முடிந்தது.

நடிப்புத் தொழிலை நாடுவோருக்கு அவ்விலக்கம் உதவாது. முகமே அவர்களுடைய அடையாளம்.

சாய்ந்தமருதைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். கொழும்பில் தயாராகும் தொலைக்காட்சி நாடகம் ஒன்றுக்குப் படம் அனுப்பினாராம், அழைப்பும் வந்ததாம். இரவு முழுவதும் பஸ்ஸில் பயணஞ் செய்து போய் நின்றார். நெறியாளர் படத்தைப் பார்த்தார்; ஆளைப் பார்த்தார். "மாணவன் வேடத்துக்கல்லவா உங்களை அழைத்தோம்?" என்றார். படம் ஐந்து ஆண்டுகளுக்கு முந்தியது. அதில் மெலிந்த, தாடியற்ற முகம். போனவரோ தாடியும் தடித்த உடலும் கொண்டவர்.

"பழைய படத்தில் நான் வடிவாய் இருந்தேன், உம்மாவுக்கும் அதுதான் விருப்பம்" என்றார் இளைஞர். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அவர் இழந்தது பஸ் கட்டணம் மட்டுமன்று. அதே நாடகத்தில் அம்மாணவனின் அண்ணன் வேடம் ஒன்றும் இருந்தது. இன்றைய தோற்றத்துக்கு அது பொருந்தியிருக்கும். அதற்கு வேறொருவரை முன்னரே தெரிந்துவிட்டார்கள்.

ஜெமினி கணேசன் நடிகராகப் புகழ் பெறுமுன், 1940களின் பிற்பகுதியில், சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் வாய்ப்புத் தேடி வருவோரைப் பரிசீலிக்கும் பணியில் இருந்தவர். அக்காலத்தில் பலர் நேரே வாயிலில் வந்து நிற்பார்கள். இன்றோ படமே முன்னே தூது செல்கிறது. தெரிவு செய்வோர் அதில் தேடுவது அழகை அன்று; கதைக்கு வேண்டிய ஆளை.

ஆகவே, நடிப்பில் நாட்டமுள்ள மாணவர்கள் சிலவற்றை நினைவிற் கொள்வது நன்று. தாடி வைத்தாலும் எடுத்தாலும், முடியின் அளவு மாறினாலும், உடல் பருத்தாலும் மெலிந்தாலும் புதுப் படம் எடுங்கள். மாற்றம் இல்லையென்று தோன்றினாலும் ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை எடுப்பது முறை. வளரும் பிள்ளைகளுக்கோ சில மாதங்களே போதும், முகம் மாறிவிட. நேர்முகம், பக்கமுகம், முழு உருவம் ஆகிய மூன்றும் வேண்டும். எடுத்த மாதத்தையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். கைத்தொலைபேசியில் தோலை மினுக்கும் வசதியைத் தொடாதீர்கள். கடவுச்சீட்டுப் படத்தில் தழும்பையும் மச்சத்தையும் அழித்தல் ஆகாது. இங்கும் அவ்விதியே நல்லது.

அவ்விளைஞர் மறுவாரமே நம்மூர் ஸ்டூடியோ ஒன்றுக்குச் சென்று, தாடியுடன் புதுப் படம் எடுத்துக்கொண்டார். தாயார் முதலில் முகஞ் சுளித்தாராம். பிறகு படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்திருந்து, "ம்... இதுதான் இப்ப என்ட புள்ள" என்றாராம்.