எறியுமுன் திறந்து பாருங்கள்



நம்மில் பலருடைய இல்லங்களில், அலமாரியின் அடித்தட்டில் பழைய வாக்மேன் ஒன்று கிடக்கின்றது. வளைகுடா நாட்டில் உழைத்த மாமாவோ சித்தப்பாவோ ஆசையோடு கொண்டுவந்து தந்த பொருள் அது. இன்று பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுழலும் மெல்லிய இரைச்சல் கேட்கின்றது, பாட்டு எழவில்லை. “இதன் காலம் முடிந்துவிட்டது” என்று தீர்ப்பளித்து, குப்பைக்கு அனுப்ப முற்படுகிறோம். முடிந்தது கருவியின் காலமா, அதனுள் இருக்கும் சிறு ரப்பர் பெல்ட்டின் காலமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சோனி நிறுவனம் முதல் வாக்மேனை 1979-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலும் பின்வந்த பலவற்றிலும், மோட்டாரின் சுழற்சியை நாடாவை இழுக்கும் உருளைக்குக் கொண்டுசெல்வது இந்தப் பெல்ட்டே. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தளர்ந்துவிடும். சில வேளைகளில் தார்போல் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசினை ஸ்பிரிட் தொட்ட பஞ்சினால் துடைத்து, அதே அளவுள்ள புதிய பெல்ட்டைப் பூட்டினால், பெரும்பாலான கருவிகள் மீண்டும் பாடும். கைப்பழக்கம் உள்ள ரேடியோ மெக்கானிக்குக்கு இது அரிய வேலையன்று. ஓர் எச்சரிக்கை: மறைந்த தாத்தாவின் குரல் பதிந்த நாடாவை முதலில் இட்டுவிடாதீர்கள். சாதாரண நாடா ஒன்றை ஓடவிட்டு, அது சிக்காமல் ஓடுவதைக் கண்டபின் அதனை இடுங்கள்.

2001-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகப்படுத்தியது. ஆயிரம் பாடல்கள் சட்டைப்பைக்குள் அடங்கின. ஆனால் வாக்மேனில் விரலால் திறக்கத்தக்க பாட்டரிக் கதவு இருந்ததே, அது இதில் இல்லை. லித்தியம் பாட்டரி பல நூறு முறை மின்னேற்றியபின் வலுவிழப்பது இயற்கை. அதை மாற்ற வழியின்றேல் நல்ல கருவியும் வீணே. 2003-இல் நியூயார்க்கில் நைஸ்டாட் சகோதரர் இருவர் இக்குறையைக் குறும்படமாக்கி உலகறியச் செய்தனர். அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2005-இல் சமரசத்தில் முடிந்தது. 2022-இல் ஐபாட் உற்பத்தியே கைவிடப்பட்டது. ஆயினும் அதன் உறையை மெல்ல நெம்பித் திறந்து, புதிய பாட்டரி பொருத்திப் பாடவைப்போர் இன்றும் உளர்.

விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க இயலாதெனில், அது முழுமையாக நம்முடையதாகுமா? இக்கேள்வி இன்று சட்டமன்றங்களையும் எட்டியுள்ளது. பாட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றத்தக்கவாறு சிறு கருவிகள் அமைய வேண்டும் என்று, சில விலக்குகளுடன், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி வகுத்தது. 2027-ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அதற்குக் குறிக்கப்பட்ட நாள்.

ஆகவே, கடையில் பொருள் வாங்கும்போது விலையோடு இதனையும் கேட்போம்: “இதன் பாட்டரியை மாற்ற முடியுமா?” வீட்டில் ஒன்று பழுதானால், எறியுமுன் அதை அறிந்தவரிடம் காட்டுவோம். பாட்டரி உப்பியிருந்தால் மட்டும் நாமே குத்தவோ நெம்பவோ வேண்டா. பழகிய கையிடம் ஒப்படைப்போம்.

பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்வோம். ஊமையாய்க் கிடந்த பெட்டி அவர்கள் கண்முன் பாடத் தொடங்கும் அந்த நொடி, எதையும் எளிதில் எறிந்துவிடலாகாது என்பதை நம் அறிவுரையைவிட நன்றாகக் கற்பிக்கும்.